மின்னல் தரும் ஊமைக்காயம்!

சித்திரை மாதம். திருப்பூரில் பகல் முழுவதும் வெயில் கொளுத்துகிறது. மாலையில் மேகம் திரளுகிறது. "பளீர்" என்று ஒரு மின்னல். காதைப் பிளக்கும் இடி. கரண்டு போய்விடுகிறது. பனியன் கம்பெனியில் ஓடிக்கொண்டிருந்த நிட்டிங் எந்திரங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் நிற்கின்றன.

அரை மணி நேரத்தில் மழை விடுகிறது. கரண்டும் வருகிறது. எந்திரங்கள் மறுபடி சுற்றுகின்றன. "நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை" என்று முதலாளி பெருமூச்சு விடுகிறார்.

மூன்று வாரம் கழிகிறது. வானத்தில் பொட்டு மேகம்கூடக் கிடையாது. நடுப்பகலில் "டமார்" என்று ஒரு சத்தம்! கம்பெனி வாசலில் நிற்கும் டிரான்ஸ்பார்மரில் இருந்து புகை கிளம்புகிறது. எண்ணெய் வழிகிறது. கம்பெனி இருட்டாகிறது.

யார் செய்த வேலை இது? லோடு அதிகமாகிவிட்டதா? எண்ணெய் கெட்டுப் போய்விட்டதா? எல்லோரும் அன்றைய தினத்திலேயே காரணத்தைத் தேடுகிறார்கள். குற்றவாளியோ மூன்று வாரத்துக்கு முன்பே வந்து, வந்த காரியத்தை முடித்துக்கொண்டு போய்விட்டான்! அவன் உள்ளே இருந்தது ஒரு விநாடிகூட அல்ல.

இது ஏதோ ஒரு கம்பெனியில் நடந்த கதை அல்ல. கம்பியில் கரண்டு ஓடுகிற எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. அடிபட்டவனுக்கு வெளியே ரத்தம் வராமல், உள்ளே மட்டும் காயம் இருந்தால் பெரியவர்கள் அதை "ஊமைக்காயம்" என்பார்கள். டிரான்ஸ்பார்மருக்கும், மோட்டாருக்கும், கேபிளுக்கும் அந்த ஊமைக்காயம் உண்டு. திருப்பூரைப் போல மோட்டாரை நம்பிப் பிழைக்கும் ஊருக்கு அது சின்ன விஷயம் அல்ல. எந்திரம் நின்றால் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவருக்கு சனிக்கிழமை சம்பளம் குறையும். கப்பலில் போகவேண்டிய சரக்கு தாமதமாகி, விமானத்தில் போகும். லாபம் முழுவதும் விமானக் கூலியில் கரைந்துவிடும்.

மின்சாரத்துக்கு வேலி

காயம் படுவது எதற்கு? காப்புக்கு.

கம்பியில் ஓடும் மின்சாரம் வெளியே பாயாமல் தடுத்து நிறுத்தும் பொருளுக்குத்தான் காப்பு என்று பெயர். தோட்டத்துக்கு வேலி எப்படியோ அப்படி. வீட்டு வயரில் இருக்கும் பிளாஸ்டிக் உறை ஒரு காப்பு. மின் கம்பத்தில் இருக்கும் பீங்கான் ஒரு காப்பு. டிரான்ஸ்பார்மருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றி, எண்ணெயில் ஊறிய காகிதம் இருக்கிறது. ஆமாம், காகிதம்தான்! மோட்டார் காயிலில் அதுவும் இல்லை. கம்பியின் மேல் தலைமயிர் கனத்தில் ஒரு வார்னிஷ் பூச்சு, அவ்வளவுதான்.

இந்த வேலி தினமும் ஓடும் மின்சாரத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கும். வெடுக்கென்று வரும் அடியை எத்தனை தடவை தாங்கும் என்பதுதான் கேள்வி.

திருப்பூர் வட்டாரத்தில் கம்பெனிகளுக்கு வரும் உயர் அழுத்த மின்சாரம் 11 ஆயிரம் அல்லது 22 ஆயிரம் வோல்ட். மின்னல் அந்தக் கம்பியைத் தொட்டுவிட்டால் சில லட்சம் வோல்ட் ஒரே பாய்ச்சலாகக் கிளம்பும். கம்பியைத் தொடவேண்டும் என்பதுகூட இல்லை. பக்கத்துத் தோட்டத்துப் பனைமரத்தில் இடி விழுந்தாலே போதும். அந்த அதிர்வில் கம்பியில் லட்சம் வோல்ட்டைத் தாண்டி ஓர் அலை கிளம்பக்கூடும். என்ஜினீயர்கள் இதை "சர்ஜ்" என்பார்கள். நாம் திடீர் அலை என்று வைத்துக்கொள்வோம்.

அந்த அலை எவ்வளவு நேரம் இருக்கும்? ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறு போடுங்கள். ஒரு கூறுக்கு மைக்ரோ விநாடி என்று பெயர். சோதனைச் சாலைகளில் மின்னலுக்கு என்று வைத்திருக்கும் கணக்குப்படி, அலை 1.2 மைக்ரோ விநாடியில் உச்சிக்கு ஏறிவிடும். 50 மைக்ரோ விநாடியில் பாதியாக இறங்கிவிடும். கண் ஒரு தடவை இமைக்க, விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்தால்கூட, அந்த நேரத்துக்குள் இப்படி 2 ஆயிரம் அலைகள் வந்து போகலாம்!

வேகமும் அப்படித்தான். ஒரு மைக்ரோ விநாடியில் சுமார் 300 மீட்டர் ஓடும். பல்லடத்தில் கிளம்பினால், நீங்கள் "ப" என்று சொல்லி முடிப்பதற்குள் திருப்பூரில்!

ஓடி வந்த அலை டிரான்ஸ்பார்மரில் முட்டுகிறது. அதற்கு மேல் போக வழி இல்லை. அப்போது என்ன ஆகும்? தோட்டத்தில் போர் மோட்டார் ஓடும்போது திடீரென்று கரண்டு போனால், குழாயில் ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் திரும்பி விழுந்து "டம்" என்று வால்வில் அடிக்கும் அல்லவா? அதே கதைதான். முட்டிய அலை திரும்பும்போது, வந்த அலையோடு சேர்ந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்துக்கு எழும்பும். அந்த அடி முழுவதும் காகிதத்தின் மேல் விழுகிறது.

நூலைக் கேளுங்கள்

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. காயிலில் நூற்றுக்கணக்கான சுற்று இருந்தாலும், அலையின் அடி எல்லாச் சுற்றின் மேலும் சமமாக விழுவது இல்லை. முதல் சில சுற்றுகளே பெரும்பாலான அடியை வாங்குகின்றன. ஏன்?

இதற்கு விடை திருப்பூர் குழந்தைக்கும் தெரியும். நூல் கோனில் இருந்து நூலை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கோன் முழுவதும் இசைந்து கொடுக்கும். வெடுக்கென்று இழுங்கள். கைக்குப் பக்கத்திலேயே பட்டென்று அறுந்துவிடும். உள்ளே இருக்கும் நூலுக்கு, வெளியே இழுத்த செய்தியே போய்ச் சேராது.

மின்சாரமும் அப்படியே. மெதுவாக ஏறி இறங்கும் தினசரி மின்சாரத்தை எல்லாச் சுற்றும் பங்கு போட்டுக்கொள்ளும். வெடுக்கென்று வரும் அலையை வாசலில் நிற்கும் சுற்றுகளே வாங்கிக்கொள்ளும். அலை எவ்வளவு செங்குத்தோ, அவ்வளவுக்கு வாசல் சுற்றின் பாடு திண்டாட்டம்.

மோட்டார் எரிந்துபோனால் காயில் கட்டும் பட்டறைக்குக் கொண்டு போகிறோம். அங்கே பிரித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். லோடு அதிகமாகி எரிந்த மோட்டாரில் எல்லாக் காயிலும் ஒரே மாதிரி கருகி இருக்கும். ஒரு பேஸ் போய் எரிந்திருந்தால் ஒன்றிரண்டு பேஸ் காயில் மட்டும் கருகி, மற்றது பளபளவென்று இருக்கும். திடீர் அலையில் போன மோட்டாரிலோ, கரண்டு நுழையும் வாசலுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பொத்தல். மற்ற இடம் எல்லாம் புத்தம் புதிது! அனுபவப்பட்ட பட்டறைக்காரர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். நாம்தான் கேட்பது இல்லை. "சீக்கிரம் கட்டிக்கொடுங்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

ஆறும் புண், ஆறாத புண்

கம்பத்துப் பீங்கானை அலை தாக்கினால், பீங்கானுக்கு வெளியே காற்றில் ஒரு பெரிய பொறி தாவும். கரண்டு ஒரு கணம் அற்றுப்போகும். பிறகு புதுக் காற்று வந்துவிடும். பழையபடி காப்பு! அது ஆறும் புண்.

காகிதத்துக்கும் வார்னிஷுக்கும் கேபிள் பிளாஸ்டிக்குக்கும் அந்த யோகம் இல்லை. ஊசி முனை அளவு துளை விழுந்தால் துளைதான். அதன் ஓரம் கருகிக் கரியாகிறது. கரி மின்சாரத்தை விடும். அந்த இடத்தில் நாள்தோறும் கண்ணுக்குத் தெரியாத பொறிகள் பறக்கும். துளை வளரும். பிளாஸ்டிக் கேபிளை அறுத்து பூதக்கண்ணாடியில் பார்த்தால், அந்தக் கரிக்கோடு கிளை விட்டுக் கிளை விட்டு ஒரு குட்டி வேப்பமரம் போல இருக்கும். என்ஜினீயர்களே அதை "மரம்" என்றுதான் சொல்கிறார்கள். மரம் இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் வளர்ந்து முடிந்த அன்று "டமார்!" சில சமயம் அடி விழுந்த அன்றே வெடிக்கும். சில சமயம் வாரம், மாதம் ஆகும்.

வெடிக்கும் முன் கண்டுபிடிக்க முடியாதா? முடியும். மனிதனுக்கு ரத்தப் பரிசோதனை மாதிரி, பெரிய டிரான்ஸ்பார்மருக்கு எண்ணெய்ப் பரிசோதனை இருக்கிறது. எண்ணெய்க்குள் பொறி பறந்தால் அசிட்டிலின் என்ற வாயு உண்டாகி, எண்ணெயிலேயே கரைந்து நிற்கும். வெல்டிங் பட்டறையில் எரிகிறதே, அதே வாயுதான். ஒரு பாட்டில் எண்ணெய் எடுத்து அனுப்பினால், உள்ளே ஊமைக்காயம் இருக்கிறதா என்று சோதனைச் சாலை சொல்லிவிடும்.

பைக்காரா வந்தது

கொங்கு நாட்டில் இந்தத் தலைவலி எப்போது ஆரம்பித்தது? மலையில் இருந்து மின்சாரம் இறங்கி வந்த அன்றே.

1932-ம் ஆண்டு திருப்பூருக்கு மறக்க முடியாத ஆண்டு. அந்த ஜனவரியில்தான் கொடி காத்த குமரன் உயிர் நீத்தார். அதே ஆண்டில் நீலகிரியில், சிங்காரா காட்டில், பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. சுமார் 3 ஆயிரம் அடி உயரத்தில் இருந்து குழாயில் விழும் தண்ணீர் அங்கே சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்த மின்சாரம் காட்டையும் மலையையும் கடந்து கோவைக்கு வந்தது. பஞ்சாலைகள் பெருகின. கிணற்றில் கவலை இறைத்த இடத்தில் மோட்டார் வந்தது. இன்று இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரில் இருந்து போகிறது என்றால், அதற்கு அந்தக் கம்பியும் ஒரு காரணம்.

ஆனால் கம்பி என்பது திறந்த வெளியில் மைல் கணக்கில் நீட்டிய கை. மின்னல் எங்கே பிடித்தாலும் அடி வந்து சேருவது கடைசியில் இருக்கும் எந்திரத்துக்கு.

ரெயிலில் போகும்போது பெரிய மின்கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் பீங்கான் அல்லது கண்ணாடித் தட்டுகள் மாலை போலத் தொங்கும். குழந்தைகளை எண்ணச் சொல்லுங்கள். 1 லட்சத்து 10 ஆயிரம் வோல்ட் கோபுரத்தில் 7 முதல் 9 தட்டு வரை இருக்கும். 4 லட்சம் வோல்ட் கோபுரத்தில் 20-க்கு மேல் இருக்கும். தினசரி மின்சாரத்தைத் தாங்க இத்தனை தேவை இல்லை. என்றோ ஒரு நாள் சில மைக்ரோ விநாடிக்கு வரும் விருந்தாளிக்காகவும், தட்டில் படியும் புழுதிக்காகவும் கூடுதலாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். கோபுரத்தின் உச்சியில் இன்னொரு கம்பியும் உண்டு. அதில் மின்சாரமே ஓடாது! மின்னலைத் தன் தலையில் வாங்கித் தரைக்கு அனுப்புவது ஒன்றே அதன் வேலை. ஊருக்குள் வரும் 11 ஆயிரம், 22 ஆயிரம் வோல்ட் கம்பங்களில் பெரும்பாலும் இந்தக் காவல்காரன் கிடையாது.

உடைந்த கண்ணாடி

மின்னல் காப்பை என்ன செய்கிறது என்பதை வானத்தை எதிர்பார்த்து ஆராய முடியுமா? மனிதனே மின்னல் செய்தான்!

அமெரிக்காவில் ஸ்டைன்மெட்ஸ் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். ஜெர்மனியில் பிறந்தவர். கூன் முதுகு, குள்ள உருவம், வாயில் எப்போதும் சுருட்டு. அவர் ஆற்றங்கரையில் ஒரு மரவீடு வைத்திருந்தார். ஒரு நாள் அந்த வீட்டில் இடி விழுந்தது. சுவரில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடி சுக்குநூறாகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் பெருக்கித் தள்ளியிருப்பார்கள். அவரோ சில்லுகளைப் பொறுக்கி, பழையபடி ஒட்டவைத்தார். மின்னல் எந்த வழியாக ஓடியது என்று அதில் படித்தார்! 1922-ம் ஆண்டில் அவர் செயற்கை மின்னல் செய்து, மரக்கட்டையைப் பிளந்து காட்டினார்.

அடுத்து 1924-ல் ஜெர்மனியைச் சேர்ந்த எர்வின் மார்க்ஸ் அதைவிட நல்ல வழி கண்டார். பத்து ஆட்கள் தரையில் வரிசையாக நிற்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே உயரம். கண் இமைப்பதற்குள் ஒருவர் தோளில் ஒருவராக ஏறி நின்றால்? பத்து ஆள் உயரம்! மார்க்ஸ் மின்சாரத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டர்களைப் பக்கம் பக்கமாக வைத்து நிரப்பினார். பிறகு ஒரே பொறியில் அவற்றை ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றினார். லட்சக்கணக்கான வோல்ட் ஒரே வீச்சில் கிடைத்தது. இன்றும் உலகம் முழுவதும் அந்த முறைதான்.

நம் நாட்டில் 1960-ம் ஆண்டு தொடங்கிய மத்திய மின்சக்தி ஆராய்ச்சி நிலையம் பெங்களூரில் இருக்கிறது. அங்கே டிரான்ஸ்பார்மருக்கு இந்தச் செயற்கை மின்னலைக் கொடுத்துப் பரிசோதிக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். 11 ஆயிரம் வோல்ட் டிரான்ஸ்பார்மர் குறைந்தது 75 ஆயிரம் வோல்ட் மின்னல் அடியைத் தாங்க வேண்டும். 22 ஆயிரத்துக்கு 1 லட்சத்து 25 ஆயிரம். 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கு 5½ லட்சம்!

தாங்கிவிட்டது என்று எப்படித் தெரியும்? வெடிக்கவில்லை என்றால் பாசா? இல்லை. முதலில் லேசாக ஓர் அடி கொடுத்து, அந்த அலையின் வடிவத்தைப் படம் எடுக்கிறார்கள். பிறகு முழு அடி. அதற்கும் ஒரு படம். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிறார்கள். இருதய நோய்க்கு எடுக்கும் ஈ.சி.ஜி. மாதிரி. கோடு மயிரிழை மாறினாலும், உள்ளே எங்கோ ஊமைக்காயம்!

ஆனால் இந்தச் சோதனை புது டிரான்ஸ்பார்மருக்குத்தான். பத்து சித்திரையும் பத்து ஐப்பசியும் கண்ட கிழ டிரான்ஸ்பார்மரின் காகிதம், பிறந்த நாளில் வாங்கிய சர்டிபிகேட்டைக் காட்டித் தப்பிக்க முடியாது.

உள்ளேயே ஒரு மின்னல்

வானம் மட்டும் எதிரி அல்ல. கம்பெனிக்குள்ளேயே அலை உண்டாகிறது. பெரிய சுவிட்சைப் போட்டு நிறுத்தினாலும், பவர் பாக்டருக்காக வைத்திருக்கும் கெப்பாசிட்டரைச் சேர்த்தாலும் சின்னச் சின்ன அலை எழும். இப்போது புதிதாக இன்னொன்று சேர்ந்திருக்கிறது. அதுதான் "டிரைவ்".

மோட்டாரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் நிட்டிங் எந்திரத்திலும், சாயப்பட்டறையிலும், நூற்பாலையிலும் டிரைவ் பொருத்துகிறார்கள். நல்ல சாதனம். கரண்டு மிச்சம். ஆனால் அது மோட்டாருக்கு மின்சாரத்தை அருவி போல் விடாமல், துண்டு துண்டாக வெட்டி அனுப்புகிறது. ஒவ்வொரு துண்டும் மின்னலைவிடச் செங்குத்து! ஒரு மைக்ரோ விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் ஏறிவிடும். உயரம் சுமார் 560 வோல்ட்தான். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே கேபிள் நீளமாகப் போனால், முன்பு சொன்னபடி முட்டித் திரும்பி இரண்டு மடங்காகி, 1,100 வோல்ட்டுக்கு வந்துவிடும்.

விநாடிக்கு 5 ஆயிரம் தட்டு என்று வையுங்கள். இரவும் பகலும் ஓடும் கம்பெனியில் ஒரு நாளைக்கு 43 கோடியே 20 லட்சம் தட்டு! மின்னல் சம்மட்டியால் ஒரே போடு போடுகிறது. டிரைவ் கொசு மாதிரி கடித்துக்கொண்டே இருக்கிறது. வாசல் சுற்றின் வார்னிஷ் நாளடைவில் அரிபடும். ஆகவே டிரைவை மோட்டாருக்குப் பக்கத்தில் வைப்பதும், கேபிள் நீண்டால் நடுவே பில்டர் போடுவதும், டிரைவுக்கு என்றே செய்த கம்பியில் காயில் கட்டுவதும் நல்லது. பழைய மோட்டாரில் புது டிரைவை மாட்டிவிட்டு, எரிந்த பிறகு மோட்டார் கம்பெனியைத் திட்டுவது நியாயம் இல்லை.

வெள்ளைப் பொடி செய்யும் காவல்

மின்னலுக்கு மருந்து இடிதாங்கி. கட்டிட உச்சியில் நிற்கும் கூர்முனைக் கம்பி வேறு. 1752-ம் ஆண்டு பட்டம் விட்டு மின்னலை ஆராய்ந்த பிராங்ளின் தந்தது அது. இது டிரான்ஸ்பார்மர் கம்பத்தில், கம்பிக்குப் பக்கத்தில், முழங்கை நீளத்தில் வளையம் வளையமாக நிற்கும். உள்ளே இருப்பது துத்தநாக ஆக்சைடு வில்லைகள். அதாவது, புண்ணுக்குப் போடும் வெள்ளைக் களிம்பில் சேர்க்கிறார்களே, அந்தப் பொடியைச் சுட்டுச் செய்தது! சாதாரண வோல்ட்டில் அது மின்சாரத்தை விடாது. அலை வந்தால் கதவைத் திறந்து, அதை மண்ணுக்கு அனுப்பிவிட்டு உடனே மூடிக்கொள்ளும்.

ஆனால் அது டிரான்ஸ்பார்மரை ஒட்டி இருக்கவேண்டும். நாலு கம்பம் தள்ளி வைத்தால் வீண். அதன் கம்பி குட்டையாகவும் நேராகவும் இறங்கவேண்டும். ஒரு மீட்டர் நீண்டாலே ஆயிரக்கணக்கான வோல்ட் கூடிவிடும். மிச்சக் கம்பியை வெட்ட மனம் இல்லாமல் ஸ்பிரிங் மாதிரி சுருட்டிக் கட்டியிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். கண்ணுக்கு அழகு. மின்னலுக்கோ அது முட்டுக்கட்டை.

எல்லாவற்றையும்விட முக்கியம் எர்த் குழி. மின்னல் கொண்டுவருவது 10 ஆயிரம் ஆம்பியர் என்று வையுங்கள். எர்த் 2 ஓம் தடை காட்டினால் 20 ஆயிரம் வோல்ட் எழும். மண் காய்ந்து 10 ஓம் ஆகிவிட்டால்? 1 லட்சம் வோல்ட்! இடிதாங்கி இருந்தும் பயன் குறைந்துவிடும். கொங்கு நாட்டு மண் சித்திரையில் ஓடு மாதிரி காய்கிறது. மின்னலும் சித்திரையில்தான் ஆரம்பிக்கிறது. உப்பும் கரியும் போட்டு எர்த் அடித்த நாளோடு அதை மறந்துவிடுகிறோம். குழியின் மேல் கோன் பெட்டியை அடுக்கிவைக்கும் கம்பெனிகளும் உண்டு. மழைக்காலத்துக்கு முன்பே எலெக்ட்ரீஷியனை அழைத்து மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு ஆளை நியமிக்கலாம். இடி இடிக்கும்போது மட்டும் அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது.

வீட்டில் பவர் டேபிள் போட்டுத் தைக்கிறவர்கள், மேகம் கூடும்போதே பிளக்கைப் பிடுங்கிவிடவேண்டும். இடி ஆரம்பித்த பிறகு பிளக்கைத் தொடக்கூடாது. சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. லட்சம் வோல்ட்டுக்கு சுவிட்சின் இடைவெளி ஒரு தாவல்தான்.

இன்னொன்று. சில இடிதாங்கிகளின் அடியில் ஒரு சிறு வெட்டி இருக்கும். இடிதாங்கி தானே செத்துப்போனால், அந்த வெட்டி எர்த் கம்பியைப் பிரித்துவிடும். கம்பி தனியாகத் தொங்கும். தரையில் நின்றபடியே பார்க்கலாம். காவல்காரன் இறந்துவிட்டான் என்பதற்கு அதுதான் அடையாளம். கரண்டு வழக்கம்போல ஓடும். ஆகவே யாரும் கவனிப்பது இல்லை. உங்கள் தெரு டிரான்ஸ்பார்மரில் அப்படி ஒரு கம்பி தொங்கினால், அருகே போகாதீர்கள். மின் வாரியத்தின் "மின்னகம்" எண் 94987 94987-ல் சொல்லுங்கள். அடுத்த இடிமழைக்கு முன்பே சொல்லுங்கள்.